புழுதியை நனைக்காத மேகம்

நியூ பெட்ஃபோர்டு
ஜூலை 2

என் வேவாவுக்கு,

நானும் உன் தம்பி ஒலாவும் நலம். அவன் தேவைக்கு மேலேயே நலம். ஞாயிற்றுக்கிழமை நான் மெனக்கெட்டுக் கச்சூப்பா வைத்தால், இறைச்சித் துண்டுகளைப் பொறுக்கித் தின்றுவிட்டுச் சோளத்தை எனக்கு விட்டுவைக்கிறான். கேட்டால், "மச்சான், உனக்குப் பல்லு நல்லாருக்கு, சோளம் மெல்லு" என்கிறான். அக்காவும் தம்பியும் ஒரே அச்சு.

புனித ஜுவாம் திருவிழாவுக்குக் கொடிமரத்தில் இந்த வருடம் எத்தனை ரொட்டி கட்டினீர்கள் என்று நீ எழுதவில்லை. எழுதினால் எனக்கு ஏக்கம் வரும் என்று விட்டுவிட்டாயாக்கும். எழுதாவிட்டாலும் வருகிறது.

ஆணியும் கயிறும் விற்கும் கடைக்காரர் இந்த முறையும் புயல் வரைபடத்தைச் சும்மாவே கொடுத்தார். அடுப்புக்கு மேலே ஒட்டியிருக்கிறோம். வலது ஓரத்தில், ஆப்பிரிக்காவுக்குக் கொஞ்சம் இப்பால், ஈ எச்சம் மாதிரிச் சில புள்ளிகள். அதில் ஒன்று நம் பிராவா. வீட்டில் எல்லாரும் பிராவாக்காரர்கள்தானே, ஒட்டி ஒரு மாதம் ஆகவில்லை, அந்த இடம் மட்டும் விரல் பட்டுப் பட்டு அழுக்காகிவிட்டது. ரேடியோவில் அட்சரேகை, தீர்க்கரேகை சொல்லச் சொல்ல ஒலாவு குண்டூசி குத்துவான். வேறு யாரையும் தொட விடமாட்டான்.

புயல் ஆபீஸ்காரர்கள் காற்று முற்றிய பிறகுதான் பெயர் வைக்கிறார்கள். நமக்கு அவ்வளவு பொறுமை ஏது? உங்கள் தலைக்கு மேலே ஒரு மேகக் கூட்டம் தாண்டியது என்று தெரிந்த அன்றைக்கே இங்கே அதற்குச் செல்லப்பெயர் வைத்துவிடுகிறோம். பிராவாவில் பிறந்தது செல்லப்பெயர் இல்லாமல் இருக்கலாமா?

சோளம் இந்த வருடம் காய்ந்து போகாமல் நின்றால் கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுகிறேன். திரும்பிப் போகாத வருகை. நிற்காவிட்டால் மட்டும் இன்னும் ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொள்.

தூரத்தில் இருப்பவன் வேறென்ன அனுப்ப முடியும், ஊரில் எல்லாருக்கும் என் விசாரிப்பு, என் மந்தேன்யா. உனக்கு எல்லாரையும்விட அதிகமாக.

உன் வலெந்திம்


நோவா சிந்த்ரா, பிராவா
ஜூலை 25

அன்புள்ள வலெந்திமுக்கு,

உன் மந்தேன்யா வந்து சேர்ந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டேன். மிச்சத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

புழுதியிலேயே விதைத்துவிட்டோம். மழை வரட்டும் பிறகு விதைக்கலாம் என்று இருந்தால் நம் தீவில் யாரும் விதைக்கவே முடியாது. என் பக்கத்துத் துண்டில் உங்கள் படகுக் கேப்டன் பெண்டாட்டி கிறிஸ்பினா. ஒவ்வொரு குழியிலும் விதை போடும்போது ஒரு வசவு. "என்னடி, சாமி கும்பிடாம திட்டறே?" என்றேன். "கும்பிட்டுப் பாத்தாச்சு. திட்டினா ரோஷம் வந்தாவது முளைக்கும்" என்கிறாள்.

போன வாரம் முதல் மேகம் வந்தது. வாசலில் வைத்த பால் டின்னில் மூன்று விரல் தண்ணீர்! நான் முற்றத்திலேயே நின்று நனைந்தேன். மேற்கே போகும்போது அதைக் கூப்பிட்டு, "அமெரிக்காவில் என் புருஷன் ஒருத்தன் இருக்கிறான், அவனுக்கு மந்தேன்யா சொல்லு" என்றேன். தபாலைவிட அது சீக்கிரம் வரும். சொன்னதா?

இப்போது சண்டைக்கு வருகிறேன். "சோளம் நின்றால் வருகிறேன்." இதை நீ எழுதுவது எத்தனையாவது முறை? சோளத்துக்குத் தெரியுமா, நீ என்னை அதன் காலில் கட்டி வைத்திருக்கிறாய் என்று? எனக்கு முப்பத்தாறு வயது, வலெந்திம். சோளம் அடுத்த வருடமும் முளைக்கும். எனக்குள் எதுவும் அடுத்த வருடமும் முளைக்கும் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கமாட்டார். இதைப் படித்துவிட்டுச் சிரித்து மழுப்பாதே.

ஒலாவுவிடம் சொல், இறைச்சியைத் தின்பவன் பாத்திரத்தையும் கழுவ வேண்டும் என்று. அவனுக்கு என் முத்தம்.

உன் வேவா


நியூ பெட்ஃபோர்டு
ஆகஸ்ட் 17

என் வேவாவுக்கு,

நீ எழுதியதைப் படித்துச் சிரிக்கவில்லை. பதில் எழுதத் தெரியாமல் மேகத்தைப் பற்றியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

உன் மூன்று விரல் மேகத்துக்கு நாங்கள் வைத்த பெயர் கோர்தா. குண்டச்சி. நீ போனில் சொன்ன அன்றே ஒலாவு முதல் குண்டூசியைக் குத்திவிட்டான். முதலில் காற்றழுத்தத் தாழ்வு, அப்புறம் தாழ்வு மண்டலம், அப்புறம் புயல் என்று படிப்படியாக ஏறி, வடக்கே திரும்பி, குளிர்ந்த கடலில் மூச்சு வாங்கிச் செத்தது. அதன் வால் மட்டும் எங்கள் ஊரில் ஒரு நாள் பெய்தது. நான் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தெருவில் நின்றேன். மந்தேன்யா கிடைத்தது.

அன்று கேப்டன் ஞோ தோய் சாப்பிட வந்திருந்தார். வரைபடத்தில் கோர்தாவுக்குப் பின்னால் வந்த இன்னொரு குண்டூசியைக் காட்டி, "இவ எப்பிடி?" என்று கேட்டார்.

"இவ உங்க வீட்டம்மா தோட்டத்துல நாலு சொட்டுதான் தெளிச்சாளாம்" என்றான் ஒலாவு.

"அப்ப விட்டுத் தள்ளு. பிராவாவோட புழுதியவே நனைக்கத் துப்பில்லாதவ, என் பூட்ஸ நனைச்சிருவாளாக்கும்!"

வீடே சிரித்தது. அவர் சொன்னபடியே அது இரண்டு நாளில் கலைந்து போயிற்று. யோசித்துப் பார், நாங்கள் இங்கே இருக்கும் வருடமெல்லாம் அப்படித்தான். உங்களுக்குப் பெருமழை கொட்டியவைதான் இங்கே வந்து அலையைக் கிளப்பின. இப்போது துறையில் மற்ற பிராவாப் படகுக்காரர்களும், "வேவாவோட டின் என்ன சொல்லுது?" என்று என்னைக் கேட்கிறார்கள். உனக்குக் கௌரவம் கூடிவிட்டது.

சிப்பி பிளக்கும் கத்தி உள்ளங்கையில் கொஞ்சம் இறங்கிவிட்டது. பயப்படாதே, சின்னக் காயம். 29ஆம் தேதி ஞாயிறு போன் செய்கிறேன், தபால் ஆபீஸில் இரு.

மந்தேன்யா, மந்தேன்யா.

வலெந்திம்


நோவா சிந்த்ரா
ஆகஸ்ட் 30

அன்புள்ள வலெந்திமுக்கு,

நேற்று போனில் சொல்ல முடியாததை எழுதுகிறேன். தபால் ஆபீஸில் எனக்குப் பின்னால் பாதி ஊர் காது கொடுத்து நிற்கும்போது நான் என்ன பேசுவது?

சனிக்கிழமை காலையிலிருந்தே கிழக்கு கருத்துக் கிடந்தது. ஃபோகு தீவின் மலை கண்ணுக்குத் தெரியவில்லை. சட்டி, குண்டான், குழந்தைகள் குளிக்கும் தொட்டி எல்லாம் வாசலுக்கு வந்தன. கிறிஸ்பினா திட்டுவதைக்கூட நிறுத்திவிட்டாள். காற்று வந்தது. தெற்கே கடல் மேலே மின்னியது. அவ்வளவுதான். புழுதியைக் கிளப்பி எங்கள் கண்ணில் போட்டுவிட்டு அது போய்விட்டது. சோளத்தின் தோகை சுருண்டு மஞ்சளாகிவிட்டது. இன்னொரு வாரம் தாங்காது.

நீ கேட்டாய்: "என்னடி, மழை?"

"சொட்டு கூட இல்ல."

"ஒண்ணுமேவா?"

"டின்னுல தூசிதான் இருக்கு."

உடனே உன் பக்கத்தில் சிரிப்புச் சத்தம். "சேக்கா! இவளுக்குப் பேரு சேக்கா!" என்று ஒலாவு கத்தியது எனக்குக் கேட்டது. காய்ந்தவள். நல்ல பெயர். எனக்கு வைத்த மாதிரி இருந்தது. நான் போனை வைத்துவிட்டு, காசு கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து அழுதேன். அவன் என்னைச் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அழுகை வந்தது.

ஒரு வார்த்தை நீ சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ சொல்லவில்லை, அதனால் நானே கேட்கிறேன். சோளம் நிற்கவில்லை. நிற்காவிட்டாலும் வா.

அந்த மேகத்திடம் நான் மந்தேன்யா கொடுத்து அனுப்பவில்லை. என் புருஷன் முகத்தில் விழிக்காதே, எங்கேயாவது தொலைந்து போ என்றுதான் சொன்னேன்.

வேவா


நியூ பெட்ஃபோர்டு
செப்டம்பர் 8

என் வேவாவுக்கு,

உன் கடிதம் இன்னும் வரவில்லை. ஆனால் போனில் நீ சொல்லாமல் விட்டது எனக்குக் கேட்டது. "டின்னுல தூசிதான்" என்றபோது உன் குரல் உடைந்ததே, அதை வைத்துக்கொண்டு பத்து நாளாகத் தூங்கவில்லை. முடிவு செய்துவிட்டேன். சோளம் நின்றாலும் நிற்காவிட்டாலும் டிசம்பரில் வருகிறேன். ஃபூர்னா துறையில் வந்து நில். அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொள்.

கைக் காயம் சீழ் பிடித்துவிட்டது. கடலுக்குப் போகவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னதால் படகு இன்று நான் இல்லாமல் புறப்பட்டது. ஒலாவு என்னை வழியனுப்ப வைத்துப் படாதபாடு படுத்தினான். "மச்சான், என்னிக்காவது அக்கா இங்க வர்றதுக்குள்ள கையச் சரி பண்ணிக்க, கட்டிப்புடிக்க ரெண்டும் வேணும்" என்று துறை முழுக்கக் கேட்கக் கத்தினான். "அக்கா வரலடா, நான்தான் டிசம்பர்ல ஊருக்குப் போறேன்" என்றேன். அப்படியே ஓடிவந்து என் தலையில் முட்டினான். அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

நம் சேக்கா பிழைத்துவிட்டாள், தெரியுமா? நடுக்கடலில் யாரும் பார்க்காதபோது சதை வைத்து, புயலாகி, ஆபீஸ்காரர்கள் கிளாரிஸ் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். பெரும்பாலும் வெளிக்கடலுக்குத் திரும்பிவிடும் என்கிறது ரேடியோ. ஞோ தோய் பலகையில் கால் வைக்கும் முன் என்னைப் பார்த்து, "வலெந்திம், வேவா என்ன சொன்னா?" என்றார்.

"சொட்டு கூட இல்லையாம், ஞோ தோய்."

"அப்புறம் என்ன? ஐஸ் ஏத்துங்கடா!"

ஒலாவு போய்விட்டதால் இந்த வாரம் குண்டூசி வேலை எனக்கு. இடது கையால் குத்துகிறேன், கோணலாகப் போகிறது. வந்து திட்டுவான்.

டிசம்பர் வரைக்கும் போதுமான அளவு மந்தேன்யா.

உன் வலெந்திம்


நோவா சிந்த்ரா
செப்டம்பர் 30

வலெந்திம்,

படகு திரும்பவில்லை என்று பாதிரியாருக்குத் தந்தி வந்தது. கோயில் மணி அடித்துக் கூட்டி, வாசலிலேயே பெயர்களைப் படித்தார். ஞோ தோய் பெயர் முதலில். உன் பெயர் வரும் என்று கல்லாக நின்றேன். கடைசிவரை வரவில்லை. வரவில்லை என்றதும் ஒரு நிமிடம் எனக்குள் சந்தோஷம் பொங்கியது. உன் பெயரைத் தேடிக்கொண்டிருந்ததில் என் தம்பி பெயரைப் படித்தது என் காதில் விழவே இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு வந்த இரண்டு ஞாயிறும் தபால் ஆபீஸில் காத்திருந்தேன். நீ ஏன் போன் செய்யவில்லை?

ஏழாம் நாள் பூசை முடிந்து கிறிஸ்பினா வீட்டில் பாயில் உட்கார்ந்திருந்தோம். தபால்காரர் உன் கடிதத்தை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தார். நான் மடியில் வைத்துக்கொண்டேன். நம் ஊரில் அமெரிக்கக் கடிதத்தை யார் தனியாகப் படித்திருக்கிறார்கள்? எல்லாரும் என் மடியையே பார்த்தார்கள்.

"படி, வேவா" என்றாள் கிறிஸ்பினா. "கடைசியா அவங்களப் பாத்தவன் அவன்தான். ஒரு வார்த்த விடாமப் படி."

நீ டிசம்பரில் வருகிறாய் என்பதைப் படித்தேன். ஒலாவு உன் தலையில் முட்டியதைப் படித்தபோது எல்லாரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே அடுத்ததையும் படித்துவிட்டேன். நிறுத்தியிருக்கலாம். கண் பார்த்ததை நாக்கு சொல்லிக்கொண்டே போய்விட்டது. வேவா என்ன சொன்னாள். சொட்டு கூட இல்லையாம். ஐஸ் ஏத்துங்கடா.

ஒரு கிழவர் எழுந்து வெளியே போனார். கிறிஸ்பினா என் பக்கம் திரும்பினாள். திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கேட்டது இதுதான்: "அதச் சொல்லும்போது அவர் சிரிச்சாரா?"

எனக்குத் தெரியாது என்றேன். அவளுக்காக நீ இதற்குப் பதில் எழுது.

மழை பெய்யவில்லை; அதைப் பெய்யவில்லை என்றே சொன்னேன். நான் சொன்னதை நீ சொன்னாய். இதில் எது பாவம் என்று எனக்குத் தெரியவில்லை. பாவம்தான் என்றால் பாதி என்னுடையது. தனியாகச் சுமக்காதே. டிசம்பரில் வா.

வேவா


நியூ பெட்ஃபோர்டு
அக்டோபர் 24

வேவா,

கிறிஸ்பினாவிடம் சொல்: சிரித்தார். நன்றாக, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார்.

ரேடியோ பொய் சொல்லவில்லை. புயல் திரும்பத்தான் செய்தது. ஆனால் கரையை ஒட்டித் திரும்பி, கட்டறுத்த குதிரை மாதிரி ஓட ஆரம்பித்தது. அதுவரை ஒரு குண்டூசிக்கும் அடுத்ததற்கும் நடுவே விரல் அகலம். கடைசி இரண்டுக்கும் நடுவே ஒரு சாண். அந்தக் கடைசிக் குண்டூசி விழுந்த இடம் அவர்கள் வலை இழுத்துக்கொண்டிருந்த கடலடி மேடு. அதைக் குத்தியவன் நான். படகை ரேடியோவில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். மற்ற ஊர்க்காரர்களின் படகுகள் முதல் நாளே திரும்பிவிட்டன. வேவாவின் டின்னைக் கேட்காதவர்கள் எல்லாரும் திரும்பிவிட்டார்கள்.

சிப்பிப் படகில் இனி ஏறமாட்டேன். குருதிநெல்லித் தோட்டத்தில் வேலை செய்கிறேன். வீட்டையும் மாற்றிவிட்டேன். பழைய வீட்டில் அந்த வரைபடத்தைக் கழற்ற யாருக்கும் கை வரவில்லை.

நீ பாதியை எடுத்துக்கொள்கிறேன் என்கிறாய். வேண்டாம். நீ மழையைச் சொன்னாய். அதைப் புயலுக்குச் சொன்ன வார்த்தையாக மாற்றி விற்றவன் நான். அந்தப் பெருமை எனக்குப் பிடித்திருந்தது.

ஃபூர்னாவில் நான் எந்த முகத்தோடு இறங்குவேன்? துறையிலிருந்து நம் வீட்டுக்கு ஏறும் வழியில் அவர்கள் வீடுகளைத் தாண்டாமல் பாதை இல்லை. உன் தம்பியின் துணிமணிகளைப் பெட்டியில் போட்டு அனுப்புகிறேன். எனக்காகக் காத்திருக்காதே.

வலெந்திம்


நோவா சிந்த்ரா
டிசம்பர் 28

வலெந்திம்,

காத்திருக்காதே என்றாய். நான் போனேன். நீலச் சட்டைதான் போட்டேன், கறுப்புச் சால்வையை மேலே போர்த்திக்கொண்டு. தனியாகப் போகவில்லை. பாதி வழியில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினால் கிறிஸ்பினா.

"நீ எதுக்கு வர்றே?" என்றேன்.

"அவன் இறங்கினா மொத அறை என்னுது. நாலு அறை விடுவேன். அப்புறம் நீ கட்டிப்புடிச்சுக்க."

நீ எழுதிய பதிலை அவளுக்குப் படித்துக் காட்டினேன். தலையைச் சாய்த்துச் சிரித்தார் என்பதை மூன்று முறை படிக்கச் சொன்னாள். "அப்ப பயந்து போகல" என்றாள். அதற்கு அப்புறம்தான் அவள் சாப்பிட ஆரம்பித்தாள். நீ எந்த வீடுகளைத் தாண்டப் பயப்படுகிறாயோ, அதில் முதல் வீட்டுக்காரிதான் உன்னைக் கூட்டிப்போக மலை இறங்கி வந்தாள்.

கப்பல் வந்தது. அரிசி மூட்டைகள் இறங்கின. ஆடுகள் இறங்கின. யாரோ ஒரு அம்மாளின் தையல் இயந்திரம் இறங்கியது. ஒலாவு பெட்டி இறங்கியது. கடைசி ஆள் இறங்கி ஏணியை எடுக்கும்வரை நின்றோம்.

"அறையறதுக்குக்கூட ஆள் இல்லாமப் போச்சே" என்றாள் கிறிஸ்பினா. பெட்டியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தோம். அழுதேன், வலெந்திம். ஒலாவுக்காக அழுத மாதிரி உனக்காகவும் அழுதேன். அவன் வரமாட்டான். நீ வரலாம். அதுதான் எனக்கு ஆறவில்லை.

அடுத்த கப்பலுக்கும் போவேன்.

மந்தேன்யா.

வேவா


நோவா சிந்த்ரா
ஜூலை 19

வலெந்திம்,

என் கடிதங்களை நீ பழைய வீட்டுக்கு வந்து வாங்கிப் போகிறாய் என்று அந்த வீட்டுக்காரர் போனில் சொன்னார். அப்படியென்றால் படிக்கிறாய். இதையும் படி. சின்னக் கடிதம்தான்.

புழுதியில் விதைத்துவிட்டோம். இந்த வருடம் என் துண்டுக்கும் கிறிஸ்பினா துண்டுக்கும் நடுவே இருந்த கல் வரப்பை எடுத்துவிட்டோம். இரண்டு பெண்பிள்ளைகள், ஒரே நிலம். அவள் திட்டிக்கொண்டே குழி போட, நான் விதை போட்டேன்.

தபால் ஆபீஸில் ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் கூட்டம் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவிலிருந்து பேசுகிறவர்கள் மழையைப் பற்றி இப்போது ஒரு வார்த்தை கேட்பதில்லை. இங்கிருந்து யாரும் சொல்வதுமில்லை. உடம்பு எப்படி, பிள்ளை எப்படி என்பதோடு சரி.

நேற்று மேகம் வந்தது. கிழக்கு முழுக்கக் கருத்து, ஃபோகு மலை மறைந்து, போன வருடம் வந்த மாதிரியே வந்தது. பால் டின்னை வாசலில் வைத்துவிட்டு, நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். காலையில்தான் போய்ப் பார்த்தேன்.

அதில் என்ன இருந்தது என்று எழுதமாட்டேன். தூரத்தில் இருப்பவருக்கு இனி நான் மழையைச் சொல்லமாட்டேன். தூசியா, மூன்று விரலா என்று தெரிய வேண்டுமென்றால் வந்து உன் விரலை விட்டுப் பார்.

மந்தேன்யாவும் தூரத்தில் இருப்பவருக்குத்தான். இந்தக் கடிதத்தில் அது இல்லை. மேகத்திடமும் கொடுத்தனுப்பவில்லை.

டின்னை இன்னும் கவிழ்க்கவில்லை.

வேவா